யானைக்குக் கிடைத்த மரியாதை

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் சார். நீங்கள் டைப் செய்துகொண்டிருக்கிற கணினியில் தேதி தப்பாக இருக்கிறது. போர்டில் பட்டன் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், அது தீர்ந்திருக்கும். மூஞ்சிக்கல் கடைத்தெருவில் எந்த வாட்ச் கடையில் கேட்டாலும் கொடுப்பார்கள். மாற்றாமல் விட்டால் என் வாக்குமூலத்திலும் தப்பான தேதிதான் விழும். பிற்பாடு வக்கீல் யாராவது அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார். அந்த மாதிரித் தப்பித்துப் போவதில் எனக்கு விருப்பமில்லை.

நேற்றே எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். வீட்டுக்கு வந்த ஏட்டு, "ஏறுடா வண்டில" என்றார். அப்படிப் பேசுகிறவரிடம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நீங்கள் நாற்காலியைக் காட்டி "உக்காருங்க" என்றீர்கள். அதனால் பேசுகிறேன். இதை நீங்கள் சின்ன விஷயமென்று நினைக்கலாம். பேத்துப்பாறையில் ஓர் அம்மா செத்துப்போனதற்குக் காரணம் இந்தச் சின்ன விஷயம்தான் என்பதால், இதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் பெயர் யோகேஷ். வீடு வடகவுஞ்சி. அப்பாவும் அம்மாவும் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து பிள்ளைப் பருவத்தில் கப்பலேறி வந்தவர்கள். அப்பா இப்போது இல்லை. அம்மா காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் போகிறார். நான் பழனிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் வருடத்தோடு நின்றுவிட்டேன். பணமில்லாமல் நிற்கவில்லை. அங்கே சொல்லிக்கொடுத்தது எதுவும் எனக்குத் தெரியாததாக இல்லை, அதனால் நின்றேன். பிறகு சோலைத்துணை அறக்கட்டளையில் ராத்திரி வேலைக்குச் சேர்ந்தேன். நாயுடுபுரம் ஏற்றத்தில் பழைய பங்களா ஒன்றின் பின்கட்டில் அவர்கள் அலுவலகம்.

வேலை இதுதான். பேத்துப்பாறையைச் சுற்றிக் காட்டோரத்தில் மரத்துக்கு மரம் கேமரா கட்டியிருக்கிறார்கள். யானை குறுக்கே போனால் படம் வரும். படத்தைப் பார்த்து, காட்டெருமையா யானையா என்று உறுதிசெய்து ஒரு பொத்தானைத் தட்ட வேண்டும். ஊரில் பதிவுசெய்திருக்கிற எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் அடிக்கும். எடுத்தால் ஒரு பெண்குரல் பேசும். ராத்திரிக்கு நான், பகலுக்குச் சக்திவேல் என்று ஒரு பையன். எங்களுக்கு மேலே மேலாளர் ஜெயமுருகன்.

பேத்துப்பாறையில் யாரும் யானையை யானை என்று சொல்லமாட்டார்கள். பேர் சொன்னால் வந்து நிற்கும் என்று ஒரு பயம். பெரியவர் என்பார்கள். இது தெரியாமல் முதலில், "யானை வருகிறது, எச்சரிக்கை" என்று பதிவுசெய்துவிட்டோம். ஊரே அலுவலகத்துக்குச் சண்டைக்கு வந்துவிட்டது. "போன எடுத்ததும் அந்தப் பேரச் சொல்றீகளே, அதுக்குக் காது இல்லையா" என்று கேட்டார்கள். வாக்கியத்தை மாற்றி எழுதச் சொன்னார் ஜெயமுருகன். நான், "பெரியவர் வந்திருக்கு, ஆற்றுப் பக்கம் போகாதீர்கள்" என்று எழுதிக்கொடுத்தேன்.

அவர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏலே சிலோனு, பெரியவருன்னுட்டு வந்திருக்குன்னு போட்டா எப்படிடா? மரியாதையாப் போடு. வந்திருக்காருன்னு போடுடா."

போட்டேன்.

சிலோனு என்பது நான்தான். வேலைக்குச் சேர்ந்த அன்று, தேத்தண்ணி எங்கே குடிக்கலாம் என்று சக்திவேலிடம் கேட்டேன். எங்கள் வீட்டில் டீக்கு அதுதான் பேர். அன்றைக்குச் சிரித்தவர்கள் பிறகு நிறுத்தவே இல்லை. ஜெயமுருகனைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பழனி அடிவாரத்தில் அவர் குடும்பத்துக்குப் பஞ்சாமிர்தக் கடை இருக்கிறது. ஊருக்குப் போய்வந்தால் எனக்கும் ஒரு டப்பா வரும். அம்மாவுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது அவரே ஜீப்பை எடுத்துக்கொண்டு வத்தலக்குண்டு வரை வந்தார். ஆனால் கூப்பிடுவது ஏலே, வாடா, போடா. சக்திவேல் என்னைவிடச் சின்னவன். அவனை, "சக்திவேல், வாங்க, சாப்டீங்களா" என்பார். அவன் அவருக்கு ஒன்றுவிட்ட அக்கா மகன் என்பது காரணமாக இருக்கலாம். நான் காரணம் கேட்கவில்லை.

ஒரு தடவை கேட்டேன். காரணத்தை அல்ல, மரியாதையை. நன்கொடை தருகிறவர்கள் சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். அவர்களை என் அறைக்குக் கூட்டிவந்து, "இவன் நம்ம நைட் வாட்ச்மேன் மாதிரி" என்று அறிமுகம் செய்தார். அவர்கள் போனபிறகு அவரிடம் போனேன்.

"சார், என்னைய வாங்க போங்கன்னு கூப்பிட்டா நல்லாருக்கும்."

அவர் எழுந்து நின்று கைகூப்பினார். "மன்னிச்சுக்கங்க யோகேஷ் அவர்களே. தெரியாம நடந்துபோச்சுங்க."

பக்கத்தில் நின்ற சக்திவேல், "தொரைக்குத் தேத்தண்ணி கொண்டாரட்டுங்களா?" என்றான். அப்புறம் பல நாள் இதே கதைதான். அவர்களே, இவர்களே, தொரை எந்திரிச்சாச்சா, தொரை வந்துட்டாகளா. பிறகு அவர்களுக்கே அலுத்துப்போய் மறுபடியும் ஏலேவுக்குத் திரும்பினார்கள். அது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் உங்களுக்குப் புரியுமா தெரியவில்லை. கேலிக்குச் சொல்கிற 'ங்க'வைவிட மனசறிந்து சொல்கிற 'டா' மேல். ஆனால் மனசறிந்து சொல்கிற 'ங்க' என்று ஒன்று இருக்கிறது. அதை அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு தடவை கேட்க வேண்டும் என்று அப்போது முடிவுசெய்தேன். அவசரமில்லை என்றும் முடிவுசெய்தேன்.

இப்போது சில்லு விஷயம்.

சென்னைக்காரர்கள் போனபிறகு ஒரு நிபந்தனை அனுப்பினார்கள். ஊர்க்காரர்களின் போன் நம்பர்களும் யானை நடமாடும் இடங்களும் எங்கள் கணினியில் இருக்கின்றன. வேட்டைக்காரன் கையில் சிக்கினால் ஆபத்து. ஆகவே பூட்ட வேண்டும். அது நியாயம்தான். ஜெயமுருகன் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பாதுகாப்புச் சோலி என்னான்னு பாத்து முடிச்சுரு" என்றார்.

எங்கள் அலுவலகத்தில் பெரிய கணினி ஒன்றே ஒன்றுதான். அதற்குள்ளே நாலைந்து கணினிகள் தனித்தனியாக இருப்பதுபோல ஓடும். மெய்நிகர் கணினி என்பார்கள். ஊருக்குப் போன் போடுகிற கணினியும் அப்படி ஒன்று. தொட்டுப் பார்க்க அதற்கு உடம்பு கிடையாது. உடம்புள்ள கணினியில் பாதுகாப்புக்கென்று ஒரு சில்லை, அதாவது சிப்பை, ஒட்டியிருப்பார்கள், ஹார்ட் டிஸ்கைத் திறக்கிற ரகசியச் சாவி அதற்குள் இருக்கும். கணினி கண் திறக்கும்போது முதலில் எழுந்திருப்பது ஃபர்ம்வேர் என்கிற ஒரு சின்ன நிரல். அது, நான் இன்ன மாதிரி எழுந்திருக்கிறேன் என்று சில்லிடம் காட்டும். நேற்று எழுந்த மாதிரியே இன்றும் எழுந்திருந்தால் சில்லு சாவியைக் கொடுக்கும். எதுவோ மாறியிருக்கிறது என்று தெரிந்தால் கொடுக்காது. உடம்பில்லாத கணினிக்குச் சில்லையும் உடம்பில்லாமல்தான் செய்ய வேண்டும். ஃபர்ம்வேர் அமைப்புக்குள் போய், இந்தக் கணினிக்கு இப்படியொரு சில்லு இருக்கிறது என்று நாமே எழுதிவைக்க வேண்டும். கண் திறந்ததும் அது நம்பிவிடும்.

இதை ஜெயமுருகனுக்கு விளக்கினேன். "சில்லுன்னா, பிள்ளைக கட்டம் போட்டு நொண்டி அடிக்குமே, அந்தச் சில்லா?" என்று சக்திவேலைப் பார்த்துச் சிரித்தார். நான் மேலே சொன்னேன். சில்லு கைவிட்டால் திறக்க ஒரே வழி மீட்பு எண். நாற்பத்தெட்டு இலக்கம். அதை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்த வேண்டும், ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும் என்றேன்.

"அத வச்சு நான் என்ன செய்ய? நீயே வச்சுக்கடா."

வைத்துக்கொண்டேன். மேலாளரின் உத்தரவு. ஊர்க்காரர்களின் நம்பர் வேறெங்கும் இருக்கக்கூடாது என்ற நிபந்தனைப்படி பழைய தாள்களையும் அவரே கிழித்து அடுப்பில் போட்டார். நான் கிழிக்கவில்லை.

இனி பாண்டியம்மாள் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேத்துப்பாறைக்காரர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பீன்ஸ் தோட்டத்தில் காய் பறிக்கிற கூலி. மற்றவர்கள் போன் அடிக்காவிட்டால் வழி நல்ல வழி என்று போய்விடுவார்கள். முன்பெல்லாம் கூட்டமாகச் சேர்ந்து தகரம் தட்டிக்கொண்டு போவார்களாம். போன் வந்தபிறகு தகரம் வேண்டியிருக்கவில்லை. போன் சும்மா இருந்தாலே தைரியம். இவர் மட்டும் அப்படிப் போகமாட்டார். என் நம்பரை எப்படியோ வாங்கிவைத்திருந்தார். வெள்ளனே வேலைக்குக் கிளம்பும்போதும் கூப்பிடுவார், சில நாள் சாயங்காலம் திரும்பும்போதும் கூப்பிடுவார்.

"தம்பி, பாண்டியம்மா பேசுறேங்க. வழி சும்மா கெடக்குங்களா?"

"சும்மாதான் கெடக்குக்கா. போயிட்டு வாங்க."

"அந்தப் போனுப் பொண்ணு பேசலைன்னாலும் நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டாத்தான் எனக்குக் கால் எந்திரிக்குதுங்க."

நீங்கள் என்ன கேட்கப்போகிறீர்கள் என்று தெரிகிறது. அவர் என்னை 'ங்க' போட்டுத்தானே கூப்பிட்டார் என்று. ஆமாம். ஆனால் அவர் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார். ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே, "போங்க, போங்கன்னா போகமாட்டேங்கிறீங்களே" என்று அதட்டினார். யாரை என்று கேட்டேன். கோழியை. அந்த மரியாதையை நான் என்ன கணக்கில் வைப்பது?

சம்பவத்தன்று நான் செய்தது இவ்வளவுதான். விடிந்து என் வேலை நேரம் முடிகிற சமயம், ஊருக்குப் போன் போடும் அந்தக் கணினியின் ஃபர்ம்வேர் அமைப்பைத் திறந்தேன். பழைய சில்லை எடுத்துவிட்டுப் புதுச் சில்லு ஒன்றை எழுதிவைத்தேன். அதே பெயர், அதே வகை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. பழையதற்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, புதியதற்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை என்பதுதான் வித்தியாசம். பழைய சில்லின் கோப்பையும் அழித்தேன். கணினி ஓடிக்கொண்டிருக்கிறவரை இது வெளியே தெரியாது, அணைந்து எழும்போதுதான் தெரியும். வாரம் ஒருநாள் மத்தியானம் பெரிய கணினி தானாக அணைந்து எழும்படி நான்தான் வைத்திருந்தேன். அன்றைக்கு அந்த நாள்.

மத்தியானத்தைத் தேர்ந்தெடுத்ததைக் கவனிக்க வேண்டும். பெரியவர்கள் பகலில் இறங்குவதில்லை. யாருக்கும் ஆபத்து வராத நேரம் பார்த்துத்தான் செய்தேன். கணினி நிற்கும், எண்ணைக் கேட்கும், ஜெயமுருகன் என்னைக் கேட்பார், நான் சொல்வேன், கணினி எழும். கேட்கிற விதத்தில் கேட்டால் கால்மணி நேர வேலை. இதில் பொறுப்பில்லாதவன் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

முதலில் சக்திவேல் கூப்பிட்டான். நான் வீட்டில் படுத்திருந்தேன். "அண்ணே, நீலமா ஒரு ஸ்கிரீன் வந்து ஏதோ சாவி கேக்குது. ஆபீஸ்ல இருக்க சாவி எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டேன், எதுன்னு தெரியல" என்றான். அண்ணே என்று அவன் சொன்னது அன்றைக்குத்தான். அது பூட்டுச்சாவி இல்லை, ஒரு எண், சாரை என்னிடம் கேட்கச் சொல் என்றேன்.

பின்னாலேயே ஜெயமுருகன். "ஏலே, எங்கடா கெடக்க? அந்த நம்பரச் சொல்லு வெரசா."

"சார், கேக்குற மாதிரிக் கேளுங்க."

"என்னது?"

"சொல்லுங்கன்னு கேளுங்க சார்."

"தூக்கத்துல உளர்றியாடா? எனக்கு மேல வேலை கெடக்கு" என்றார். நான் வைத்துவிட்டேன். மறுபடி கூப்பிட்டு வேலையை விட்டுத் தூக்கிவிடுவேன் என்றார். தூக்குங்கள் என்றேன். அடுத்த தடவை, "தம்பி, என்னப்பா இது, நமக்குள்ள என்னப்பா" என்றார். தம்பி, அப்பா எல்லாம் 'ங்க' ஆகாது. இடையில் மதுரையில் தெரிந்த கணினிக்காரர் ஒருவரையும் கேட்டிருக்கிறார். எண் இல்லாவிட்டால் கடவுளாலும் திறக்க முடியாது என்று அவர் சொல்லியிருக்கிறார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நான் வேலையைச் சுத்தமாகச் செய்கிறவன்.

அம்மா தோட்டத்திலிருந்து வந்து, "மகன், யாரு விடாம அடிக்கிறது?" என்று கேட்டார். ஆபீஸிலிருந்து அம்மா என்றேன். "எடுத்துப் பேசு. பாவம், என்ன அவசரமோ" என்றார். பேசிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன்.

பொழுது போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு மஞ்சு சீக்கிரம் இறங்கியது. வடகவுஞ்சியில் எதிர்வீடு தெரியவில்லை. மஞ்சு மூடினால் பெரியவர்களுக்குப் பகல் முடிந்துவிடும். இது எனக்குத் தெரியும், அந்த வேலையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஜெயமுருகனுக்கும் தெரியும். அவர் இறங்கிவரத் தேவையான நேரத்தை நான் கொடுத்தேன். எடுத்துக்கொள்ளாதது அவர்.

கேமராப் படங்கள் அந்தக் கணினி வழியாக வருவதில்லை. எங்கள் போன்களுக்கே நேராக வந்துவிடும். இதை நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள், என் போன் உங்களிடம் இருக்கிறது. ஆற்றங்கரைக் கேமராவிலிருந்து ஒரு படம் வந்தது. பெட்டையானை ஒன்று, காலடியில் குட்டி. குட்டியோடு வருகிற யானை எந்தச் சத்தத்துக்கும் ஒதுங்காது. பீன்ஸ் தோட்டத்திலிருந்து ஊருக்கு வருகிற ஒற்றையடிப்பாதையில்தான் நின்றது. வேலை விடுகிற நேரம்.

படத்தைப் பார்த்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

பாண்டியம்மாள் அக்காவின் நம்பர் என் போனில் இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். பூட்டின கணினிக்கு வெளியே அந்த நம்பர் இருந்த இடம் அது ஒன்றுதான். கூப்பிட்டு, வராதீங்கக்கா என்று சொல்லியிருக்கலாம். யோசித்தேன். இதில் பொய் சொல்ல ஒன்றுமில்லை. அவர் தோட்டத்திலேயே நின்றுகொள்வார். பக்கத்தில் காய் பறிக்கிறவர்களையும் நிறுத்தி, ஒருவருக்கொருவர் சொல்லி, ஊருக்கே சேதி போய்விடும். அப்புறம் ஜெயமுருகனுக்கு அந்த எண் எதற்கு? மறுநாள் சாவகாசமாக வந்து, "ஏலே சிலோனு, நேத்து என்னடா கூத்துப் பண்ணின" என்பார். சிரிப்பார்கள். சக்திவேல் தேத்தண்ணி கொண்டுவருவான். ஒரு நாள் முழுக்க நான் பொறுமையாகக் கட்டியது போய்விடும். நீங்களே சொல்லுங்கள், ஒரு வேலையை அந்த இடத்தில் யாராவது விடுவார்களா?

அவருக்கு என்ன நடந்தது என்று ஃபாரஸ்ட்காரர்கள் எழுதிக்கொடுத்திருப்பார்கள். யானை துரத்தவில்லை. மஞ்சுக்குள் குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் போய்விட்டார், அவ்வளவுதான். பீன்ஸ் சாக்கு பாதையின் மேலே கிடந்ததாம், அவர் ஓடைப் பக்கம் கிடந்தாராம். தேடிப்போனது சக்திவேல். மஞ்சில் ஒன்றும் தெரியாமல் நின்றவனுக்கு இடத்தைக் காட்டிக்கொடுத்தது அவர் இடுப்புப் பையிலிருந்த பட்டன் போன்தானாம். அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. எடுத்தால், "பெரியவர் வந்திருக்கிறார், ஆற்றுப் பக்கம் போகாதீர்கள்." அதற்குள் கணினி எழுந்துவிட்டது. எண் கிடைத்தால் உடனே எழும் என்று நான் முன்பே சொன்னேன், எழுந்தது. என் வேலையில் குறை கிடையாது. அவன் அந்தப் போனை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டானாம். சின்னப் பையன்தானே.

கொன்றது யானை. சட்டத்தில் யானைக்குப் பிரிவு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எனக்கு எதைப் போடுவீர்கள் என்றும் தெரியாது. ஃபர்ம்வேரில் ஒரு சில்லை மாற்றியதற்கு எவ்வளவு தருவார்களோ அவ்வளவையும் தரட்டும், ஒரு நாள்கூடக் குறைக்கச் சொல்லிக் கேட்கமாட்டேன். ஒரு மனிதனை மனிதன் என்று கூப்பிடு என்று கேட்டதற்குத் தண்டனை என்றால், அதைத் தலைநிமிர்ந்து வாங்கிக்கொள்வேன். இத்தனை வருடம் 'டா' போட்டவரை யாரும் ஸ்டேஷனுக்குக் கூட்டிவரவில்லை என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தக் காகிதத்தை என் பக்கம் திருப்பிவைக்கிறீர்கள். போன் கம்பெனி கொடுத்த விவரம். என் நம்பருக்குப் பாண்டியம்மாளின் நம்பரிலிருந்து ஓர் அழைப்பு, எடுக்கப்படவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். பேசிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்பதும் அதற்கு மேல் வரியில் இருக்கிறது, பாருங்கள்.

ஜெயமுருகன்தான். ஆற்றங்கரைப் படம் அவருக்கும் போயிருக்கிறது. எடுத்ததும் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. படியேறி ஓடியிருக்க வேண்டும், அல்லது ஓடாமலே அப்படி ஆகியிருக்க வேண்டும்.

"யோகேஷ். பெரியவரு ஆத்தத் தாண்டி நிக்கிறாரு. குட்டியோட. தோட்டத்துல ஆளுக இருக்காக. எனக்கு ஒருத்தர் நம்பரும் தெரியல. அந்தப் பூட்டு நம்பரச் சொல்லுங்க. உங்களக் கும்புடுறேன், சொல்லுங்க."

நான் ஒரு நிமிஷம் அதைக் காதில் வைத்துப் பார்த்தேன். கேலி இல்லை. கைகூப்பி நின்று அன்றைக்குச் சொன்னது இல்லை இது. குரல் உடைந்திருந்தது. யானைக்குப் போட்ட அதே மரியாதையை, யோசிக்காமல், அடுத்த மூச்சில் எனக்கும் போட்டார்.

அப்போதுதான் காதுக்குள் இன்னோர் அழைப்பு தட்டியது. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பாண்டியம்மாள் அக்கா என்று பெயர் வந்தது. வழி சும்மா கெடக்குங்களா என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று தெரியும். பச்சையைத் தொட்டால் போதும். ஆனால் தொட்டால் ஜெயமுருகனின் பேச்சு பாதியில் நின்றுவிடும்.

போனைத் திரும்பக் காதில் வைத்தேன்.

"சார், இங்க மஞ்சு. சிக்னல் சரியில்ல, கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன்.

முதல் தடவையே தெளிவாகத்தான் கேட்டது, சார்.

அவர் இன்னொரு தடவை சொன்னார். அதற்குப் பிறகும் ஒரு தடவை சொன்னார். அதற்குள் அந்தத் தட்டல் நின்றுபோயிருந்தது. நான் எழுந்து உட்கார்ந்துகொண்டு, அவர் எழுதுவதற்கு வசதியாக நிறுத்தி நிதானமாக எண்ணைச் சொன்னேன். சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒரு தடவைகூட அவர் ஏலே என்று சொல்லவில்லை.